சர்க்கரை மாத்திரையால் அல்சைமரைத் தடுக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய்க்கான சில மருந்துகளை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் முயற்சி 20 ஆண்டுகளாக நடக்கிறது. "சுகர் மாத்திரை மறதியைப் போக்குகிறது" என்று எங்காவது ஒரு செய்தி வந்துவிட்டால், வீட்டில் இரண்டு நோயும் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இன்சுலின் உணர்திறனைக் கூட்டும் மருந்து என்றால் எது?

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் இன்சுலினுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. தசை, கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவைதான் அதற்குச் சரியாகப் பதில் கொடுப்பதில்லை. காது மந்தமானவரிடம் பேசுகிறவர் குரலை உயர்த்துவதுபோல, கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். பிறகு ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடும். இந்த மந்தத்தைத்தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள்.

கணையத்தை விரட்டி வேலை வாங்காமல் திசுக்களின் மந்தத்தைக் குறைப்பவை கிளிட்டசோன் வகை மருந்துகள். பயோகிளிட்டசோனும் ரோசிகிளிட்டசோனும் இதில் பிரபலமானவை. இரண்டுக்கும் அமெரிக்காவில் 1999-ல் அனுமதி கிடைத்தது. செல்லின் உட்கருவில் உள்ள பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியைத் தூண்டி, கொழுப்பையும் சர்க்கரையையும் உடல் கையாளும் விதத்தையே இவை மாற்றுகின்றன. மெட்ஃபார்மினையும் இதே வரிசையில் சேர்ப்பதுண்டு. ஆனால் அதன் முக்கிய வேலை கல்லீரலில்.

சர்க்கரைக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) வரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று அது சொன்னது. பின்னர் பல நாடுகளில் வந்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சர்க்கரை நோய் மூளையின் ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். எனவே கூடுதலாக வருவது அல்சைமரா, சிறு சிறு பக்கவாதங்களால் வரும் மறதியா என்ற கேள்வி எழுகிறது. முதியவர்கள் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

ஆராய்ச்சியாளர்களை இழுத்தது அபாயக் கணக்கு மட்டும் அல்ல. அல்சைமர் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தால் சில பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்வது தெரியும். இன்சுலினைச் சிதைக்கும் நொதியேதான் அல்சைமரில் படியும் பீட்டா அமைலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் அதிகமாக இருந்தால் அந்த நொதி அதிலேயே மூழ்கி, அமைலாய்டு தேங்கலாம் என்று ஒரு வாதம். அப்புறம் 2012-ல் டால்பட் குழுவினர், இறந்த அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவை இன்சுலினில் நனைத்துச் சோதித்தார்கள். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி இன்சுலினுக்கு மிக மந்தமாகவே பதில் கொடுத்தது. அந்த நோயாளிகளுக்கு வாழ்ந்தபோது சர்க்கரை நோய் இருந்ததில்லை. எனக்கு இந்த ஆதாரங்களில் மிக வலுவாகத் தோன்றுவது இதுதான்.

அப்படியானால் அல்சைமர் 'மூன்றாம் வகைச் சர்க்கரை' தானா?

பிரவுன் பல்கலைக்கழகத்தின் சுசேன் டி லா மான்ட்டே குழு 2005-ல் அப்படி ஒரு கருத்தை முன்வைத்தது. எந்த மருத்துவ அமைப்பும் அதை நோய் வகையாக ஏற்கவில்லை.

முதலில் சோதிக்கப்பட்ட மருந்து எது? என்ன ஆயிற்று?

ரோசிகிளிட்டசோன். கதை நம்பிக்கையோடுதான் தொடங்கியது. அமெரிக்க ஆய்வாளர் சுசேன் கிராஃப்டின் குழு 2005-ல் வெறும் 30 பேரிடம் ஆறு மாதம் சோதித்ததில், மருந்து எடுத்தவர்கள் சற்று நேரம் கழித்து நினைவுகூரும் தேர்வில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அடுத்து, இதைத் தயாரித்த கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் 24 வாரச் சோதனை நடத்தி 2006-ல் முடிவை வெளியிட்டது. மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. ஆனால் ஆட்களை மரபணு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏப்போ-இ4 மரபணு இல்லாதவர்களில், நாளுக்கு 8 மில்லிகிராம் எடுத்தவர்கள் கொஞ்சம் தேறியதாகத் தெரிந்தது.

மருந்துச் சோதனைகளில் மிக ஆபத்தான இடம் இது. மொத்தக் கூட்டத்தில் கிடைக்காத பலனைக் கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தேடினால், எதேச்சையாகவே ஏதாவது ஒரு துண்டில் பலன்போல ஒன்று தெரியும். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள, அதே கேள்வியை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் புதிய ஆட்களிடம் சோதிக்க வேண்டும். அந்த நிறுவனம் அதைச் செய்தது, பாராட்ட வேண்டும். ரிஃப்ளெக்ட் என்ற பெயரில் மூன்று பெரிய சோதனைகள் நடந்தன. ஒன்றில் மருந்து தனியாகக் கொடுக்கப்பட்டது. மற்ற இரண்டில் டோனெபெசில் போன்ற வழக்கமான அல்சைமர் மாத்திரையோடு சேர்த்து, ஏறக்குறைய 3,000 பேரிடம் ஓராண்டு அளவுக்குச் சோதித்தார்கள். முதல் கணக்கே ஏப்போ-இ4 இல்லாதவர்களிடம்தான் போடப்பட்டது. அவர்களுக்கும் பலன் இல்லை. 2010, 2011-ல் முடிவுகள் வெளியாயின.

அதற்குள் மருந்தின் பெயரும் கெட்டிருந்தது. 2007-ல் அமெரிக்க இதய மருத்துவர் ஸ்டீவன் நிஸ்ஸன் பழைய சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டு, ரோசிகிளிட்டசோன் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவதாக எழுதினார். 2010-ல் ஐரோப்பா அதன் விற்பனையை நிறுத்தியது, அமெரிக்கா கடுமையாகக் கட்டுப்படுத்தியது, இந்தியா தடைசெய்தது. அமெரிக்கா மட்டும் 2013-ல், கூடுதல் ஆதாரங்களைப் பார்த்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

ஏன் பலிக்கவில்லை?

இந்த மருந்து மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு அதை எளிதில் விடுவதில்லை. இன்னொரு காரணம் காலம். அறிகுறி வெளியே தெரியும் நாளில் நோய்க்கு 15, 20 வயது ஆகியிருக்கும். செத்துப்போன நரம்புச் செல்லை இன்சுலினைக் கேட்கவைத்து என்ன பயன்? அடுத்த பெரிய சோதனை இந்த இரண்டாவது காரணத்திலிருந்து பிறந்ததுதான்.

பயோகிளிட்டசோன் மூளைக்கு நல்லது என்று படித்தேனே?

நீங்கள் படித்தது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது ஜப்பான் ஆய்வு. சர்க்கரையும் லேசான அல்சைமரும் உள்ள 42 பேரில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் பயோகிளிட்டசோன் கொடுத்ததில் நினைவும் மூளையின் ரத்த ஓட்டமும் மேம்பட்டதாக 2011-ல் எழுதினார்கள். ஆனால் மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பிடவில்லை. யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு அமெரிக்காவில் சர்க்கரை இல்லாத அல்சைமர் நோயாளிகளிடம் 18 மாதம் நடந்த சிறு சோதனையில் கால் வீக்கம்தான் குறிப்பிடத்தக்க மாற்றம். நினைவில் தெளிவான பலன் இல்லை.

இரண்டாவது ஜெர்மனியின் காப்பீட்டுப் பதிவுகளை அலசி 2015-ல் வந்த ஆய்வு. பயோகிளிட்டசோனை நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா வெகுவாகக் குறைவு என்றது அது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு டாக்டர்கள் இந்த மாத்திரையை எழுதவே மாட்டார்கள். கால் வீங்கினால் நிறுத்திவிடுவார்கள். ஆக, பல ஆண்டுகள் இதைத் தாங்கிச் சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே மற்றவர்களைவிடத் திடமானவர்கள். பலன் மாத்திரையால் வந்ததா, திடமான உடம்பால் வந்ததா என்று பதிவேடு சொல்லாது.

மூன்றாவது, டுமாரோ சோதனை. அதற்குத் தனிக் கேள்வியே தேவை.

டுமாரோ சோதனை என்பது என்ன?

இதன் பின்னால் இருந்தவர் ஆலன் ரோசஸ். அல்சைமருக்கும் ஏப்போ-இ4 மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 1993-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த குழுவின் தலைவர். பிறகு கிளாக்ஸோவில் இருந்தபோது, மேலே சொன்ன ரோசிகிளிட்டசோன் மரபணுப் பிரிவு ஆய்விலும் அவருக்குப் பங்கு உண்டு. ஏப்போ மரபணுவுக்குப் பக்கத்திலேயே உள்ள டாம்-40 என்ற மரபணுவின் ஒரு துண்டு எவ்வளவு நீளம் என்பதையும், ஒருவரின் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இன்னும் சில ஆண்டுகளில் யாருக்கு நோய் வரும் என்று சொல்லலாம் என்பது அவர் வாதம். அதற்காகவே ஸின்ஃபண்டெல் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, ஜப்பானின் டக்கேடாவோடு கைகோத்தார்.

2013-ல் ஐந்து நாடுகளில் சோதனை தொடங்கியது. மறதி எதுவும் இல்லாத 65 முதல் 83 வயது வரையுள்ள ஏறக்குறைய 3,500 பேர் சேர்ந்தார்கள். அபாயம் அதிகம் எனக் கணிக்கப்பட்ட 3,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பயோகிளிட்டசோன், பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. அபாயம் குறைவானவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை மட்டும். நோய் வருமுன்னே பிடித்துவிட வேண்டும் என்ற துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு முன் இப்படி யோசித்தவர்கள் குறைவு.

மருந்தின் அளவுதான் எல்லோரையும் புருவம் உயர்த்தவைத்தது: நாளுக்கு 0.8 மில்லிகிராம். சர்க்கரைக்குக் கொடுப்பது 15, 30 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவே மூளைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டப் போதும், பக்கவிளைவும் வராது என்பது அவர்கள் கணிப்பு. ஆரோக்கியமானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுக்கும்போது அந்தக் கவலை நியாயம்தான்.

2018 ஜனவரியில், தொடர்ந்தாலும் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று இடைக்காலக் கணக்கு காட்டியதால் நிறுத்திவிட்டார்கள். முழு முடிவு 2021-ல் லான்செட் நியூராலஜி மருத்துவ இதழில் வந்தது. அபாயம் அதிகமுள்ளவர்களில், மருந்து எடுத்த 1,430 பேரில் 39 பேருக்கு அல்சைமரின் தொடக்க நிலை மறதி வந்திருந்தது. மருந்தில்லாத மாத்திரை எடுத்த 1,406 பேரில் 46 பேருக்கு. ஏழு பேர் வித்தியாசம் எதேச்சையாகவே வரக்கூடியது. ரோசஸ் இதைப் பார்க்கவில்லை, 2016-லேயே காலமாகிவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் தேறியது. மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களிலேயே, அபாயம் அதிகம் எனப் பிரித்தவர்களில் 3.3% பேருக்கும், குறைவு எனப் பிரித்தவர்களில் சுமார் 1% பேருக்கும் நோய் வந்தது. யாருக்கு வரும் என்ற கணிப்பு ஓரளவு பலித்தது, தடுக்கும் மருந்து பலிக்கவில்லை. அதேசமயம் அபாயம் அதிகமுள்ளவர்களில் மொத்தமே 85 பேருக்குத்தான் நோய் வந்தது என்பதால், 'பயோகிளிட்டசோன் எந்த அளவிலும் உதவாது' என்று இதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது. 0.8 மில்லிகிராம் உதவியதாகக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

எம்.எஸ்.டி.சி-0160 என்ற புதிய மருந்து பற்றி?

இதுவும் கிளிட்டசோன் குடும்பம்தான், ஆனால் பிபிஏஆர்-காமாவைத் தொடாமல் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. கால் வீக்கம், எடை கூடுதல் போன்றவை அந்த ஏற்பி வழியாக வருகின்றன. நல்ல பலன் சர்க்கரை சிதைந்து உண்டாகும் பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் புரதம் வழியாக வருகிறது என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகரில் இருந்த அந்தச் சிறு நிறுவனத்தின் கோட்பாடு. அந்தப் புரதத்துக்கான மரபணுக்களே 2012-ல்தான் அடையாளம் காணப்பட்டன.

சர்க்கரை இல்லாத, லேசான அல்சைமர் உள்ள 29 பேருக்கு மூன்று மாதம் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். மூளையின் சில பகுதிகளில் குளுக்கோஸ் பயன்பாடு மருந்து எடுத்தவர்களிடம் குறையாமல் நின்றதாகப் பெட் ஸ்கேன் காட்டியது. ஆனால் எந்தப் பகுதியோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த முடிவு மாறியது. நினைவுத் தேர்வுகளில் மாற்றம் தெரியவில்லை. மூன்று மாதத்தில் அது தெரியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பிறகு இந்த மருந்தின் மீதான ஆர்வம் பார்க்கின்சன் நோய்ப் பக்கம் திரும்பியது. எலிகளில் நல்ல பலன் கிடைத்ததாக 2016-ல் கட்டுரை வந்தது. "அல்சைமருக்குப் புதிய சர்க்கரை மருந்து" என்று இதைப் பற்றி இன்றும் சுற்றும் செய்திகள் அந்த 29 பேரைத் தாண்டிப் போனதில்லை.

இன்சுலினையே மூளைக்கு அனுப்பினால் என்ன?

அதையும் செய்தார்கள். மூக்கில் தெளித்தால் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தாமல் இன்சுலின் மூளைக்குப் போகும். 104 பேரிடம் நடந்த முன்னோட்டச் சோதனை 2012-ல் நல்ல முடிவு தந்தது. 289 பேரிடம் ஓராண்டு நடந்த பெரிய சோதனை 2020-ல் பலனில்லை என்று முடிந்தது. தெளிக்கும் கருவி தொடக்கத்தில் கோளாறு செய்ததால் இடையில் வேறு கருவிக்கு மாறினார்கள். பழைய கருவி பயன்படுத்திய 49 பேரிடம் பலன்போல ஒன்று தெரிந்தது. ஆம், மறுபடியும் ஒரு சிறு துண்டில்!

மெட்ஃபார்மின்?

ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன, பெரிய சோதனையின் தெளிவான விடை இல்லை. ஆனால் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் மறதியும் தடுமாற்றமும் வரும், ஊசி போட்டால் தேறவும் வாய்ப்புண்டு. அல்சைமர் என்று பயப்படுமுன் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

எடை குறைப்புக்குப் பிரபலமான செமாகுளூடைடு என்ன ஆயிற்று?

கண்டிப்பாகப் பார்த்தால் அது இந்த வகை மருந்து இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதன் உறவான லிராகுளூடைடைப் பிரிட்டனில் 204 பேரிடம் சோதித்தபோது, முக்கிய இலக்கான மூளைக் குளுக்கோஸ் பயன்பாடு மாறவில்லை. ஆனால் நினைவுச் சரிவு மெதுவாகியதாக 2024-ல் அறிவித்தார்கள். நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் 3,808 பேரிடம், தொடக்க நிலை அல்சைமருக்கு, செமாகுளூடைடு மாத்திரையை இரண்டு ஆண்டு சோதித்தது. சோதனைக்கூடத்தில் அளக்கும் நோய்க் குறியீடுகள் சற்று மேம்பட்டாலும் நோயின் ஓட்டம் மெதுவாகவில்லை என்று 2025 நவம்பரில் அந்த நிறுவனமே சொல்லிவிட்டது.

அப்படியானால் இந்த எண்ணமே தவறா?

என் பார்வையில், 'மூளை இன்சுலினுக்கு மந்தமாகிறது' என்ற கவனிப்பு நிற்கிறது. 'அந்த மந்தத்தை நீக்கினால் நோய் நிற்கும்' என்ற அடுத்த அடிக்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. மந்தம் நோய்க்குக் காரணமாக இல்லாமல், நோயால் வந்த விளைவாகவும் இருக்கலாம். தவிர, மூளைக்குள் நன்றாகப் போகும் மருந்தை, போதிய அளவில், போதிய முன்கூட்டியே, போதிய காலம் யாரும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சோதனையும் இந்த நான்கில் ஒன்றிலாவது குறைபட்டது. இதைத் தோல்விக்குச் சொல்லும் சாக்கு என்று சிலர் கேலி செய்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 20 ஆண்டுகளில் சிறு சோதனை சிரிப்பதும் பெரிய சோதனை கைவிரிப்பதும் இத்தனை முறை நடந்த பிறகு, அடுத்த 30 பேர் ஆய்வைப் பார்த்து யாரும் துள்ளிக் குதிக்கத் தேவையில்லை.

சர்க்கரை இல்லாதவர் முன்னெச்சரிக்கையாகப் பயோகிளிட்டசோன் சாப்பிடலாமா?

வேண்டாம். இது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அபூர்வம்தான். ஆனால் உடலில் நீர் கோத்துக் கால் வீங்கும், எடை ஏறும், இதயம் பலவீனமானவர்களுக்கு மூச்சுத் திணறல் வரை போகும். பெண்களுக்கு எலும்பு முறிவு அபாயம் கூடுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. 2013 ஜூனில் இந்திய அரசு இதன் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்திவைத்ததும், டாக்டர்கள் எதிர்த்ததால் ஜூலை முடிவில் எச்சரிக்கைப் பெட்டி அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்ப அனுமதித்ததும் அந்தச் சந்தேகத்தால்தான்.

அப்பா சர்க்கரைக்காக ஏற்கெனவே இதைச் சாப்பிடுகிறார். நிறுத்திவிடவா?

சர்க்கரைக்காக டாக்டர் எழுதியது என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது நல்ல சர்க்கரை மருந்துதான். கால் வீக்கம், மூச்சிரைப்பு, சிறுநீரில் ரத்தம் எதுவும் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு மறதியும் இருந்தால், வேறொன்றில் கவனம் வேண்டும்: லோ சுகர். 16,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மருத்துவமனை வரை போகும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா கூடுவதாக 2009-ல் காட்டியது. மறதி உள்ளவர் மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்வார், சாப்பிட மறந்துவிடுவார். சர்க்கரையை மிகக் கறாராகக் கட்டுப்படுத்தினால் நினைவு காப்பாற்றப்படும் என்பதும் அக்கார்ட்-மைண்ட் என்ற பெரிய சோதனையில் 2011-ல் பொய்த்துவிட்டது. எனவே 75 வயது அப்பாவுக்கு 45 வயது மகனின் இலக்கை வைக்கத் தேவையில்லை. எந்த எண் போதும் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், மாத்திரைப் பெட்டியை வீட்டில் ஒருவர் தன் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட சோதனை எதிலாவது அம்மாவைச் சேர்க்க முடியுமா?

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் தேசிய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும். 2009-லிருந்து இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அம்மாவால் புரிந்து முடிவெடுக்க முடியாத நிலை என்றால், அவர் சார்பில் யார் கையெழுத்திடலாம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மருந்தில்லாத மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேட்கத் தயங்காதீர்கள். சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.